கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம்: ஐரோப்பிய வெண்கல உருவப் பதக்கங்கள், ஓர் அறிமுகம்

ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகங்களில் நாணயங்களுக்கு அடுத்த அலமாரியில் பெரும்பாலும் இவை இருக்கும்: 4 செ.மீ. முதல் 11 செ.மீ. வரை குறுக்களவுள்ள வெண்கல வட்டுகள். ஒரு பக்கம் பக்கவாட்டில் பார்க்கும் முகம், அதைச் சுற்றி லத்தீன் எழுத்து. மறுபக்கம் இன்னொரு முகமோ குலச்சின்னமோ ஏதாவது காட்சியோ. பார்க்கக் காசு மாதிரி இருந்தாலும் இவற்றில் மதிப்பு பொறித்திருக்காது, கடைவீதியில் செல்லாது. வீரருக்கும் விளையாட்டு வீரருக்கும் தரும் பதக்கத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவரின் முகம், பெயர், பட்டம், சில சமயம் ஒரு நிகழ்வு ஆகியவற்றை உலோகத்தில் பதித்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே செய்தவை இவை. இவற்றில் அரச, பிரபுத்துவத் தம்பதிகளின் பதக்கங்கள் தனி ரகம். அழகுக்காக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். எந்தத் திருமணம் எந்த நிலத்தை யாருக்குக் கொண்டுவந்தது, யார் செலவில் அது கொண்டாடப்பட்டது என்பதெல்லாம் இரு முகங்களையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

தொடக்கம் இத்தாலி. 1438இல் ஃபெராராவில் கூடிய திருச்சபைப் பேரவைக்குக் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் எட்டாம் யோவான் பாலியோலோகஸ் வந்தார். பிசனெல்லோ என்ற ஓவியர் அவர் முகத்தை ஏறத்தாழ 10 செ.மீ. வட்டத்தில் வார்த்தார். மறுமலர்ச்சிக் கால உருவப் பதக்கங்களில் முதலாவது என்று பொதுவாக அதையே சொல்கிறார்கள். பழைய ரோமானியக் காசுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த இத்தாலியச் சிற்றரசர்களுக்கு இந்த வடிவம் உடனே பிடித்துப்போனது. சீசரின் முகம் இருந்த இடத்தில் தங்கள் முகம்!

பொருள் ஏன் வெண்கலம்? பொன்னிலும் வெள்ளியிலும் செய்தார்கள். அரசருக்கும் அரசிக்கும் நேரில் காணிக்கையாகக் கொடுத்தது பெரும்பாலும் அவைதான். ஆனால் போரோ கடனோ வந்தால் பொன் முதலில் உலைக்குப் போகும். வெண்கலத்தை உருக்கினால் கிடைப்பது சொற்பம் என்பதால் அது தப்பித்தது. எண்ணிக்கையும் அதில்தான் அதிகம். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு வெண்கலமாக இருப்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

முகங்கள் இருக்கும் இடம்

கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் எந்த வரிசையில் வந்தது என்று பார்த்தே இரு வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. தம்பதிப் பதக்கத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

முதலில், மனைவியே இல்லாத திருமணப் பதக்கம். 1444இல் ஃபெராராவின் லியோனெல்லோ தெஸ்தே, அரகோன் மன்னர் அல்ஃபோன்சோவின் மகள் மரியாவை மணந்தார். அதற்காகப் பிசனெல்லோ செய்த பதக்கத்தில் முன்பக்கம் லியோனெல்லோ மட்டும். பின்பக்கத்தில் ஒரு சிங்கத்துக்கு மன்மதன் இசைக்குறிப்பு எழுதிய சுருளைக் காட்டிப் பாடக் கற்றுத்தருகிறான். சிங்கம் லியோனெல்லோவின் பெயரைக் குறிப்பது. பின்னே நிற்கும் தூணில் ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கிறது. மரியாவின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் லியோனெல்லோவின் பட்டங்களோடு 'அரகோன் மன்னரின் மருமகன்' என்பது மட்டும் சுருக்கெழுத்தில் சேர்ந்துவிட்டது. ஃபெராராவுக்கு அந்தத் திருமணத்தில் எது முக்கியம் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

அடுத்தது, ஆளுக்கொரு பதக்கம். இத்தாலியின் ரிமினி நகரை ஆண்ட சிகிஸ்மோந்தோ மலதெஸ்தாவுக்காக மத்தேயோ தெ பாஸ்தி அவருடைய உருவத்தைத் தனியாகவும், இசோத்தா தெலி அத்தியின் உருவத்தைத் தனியாகவும் வார்த்தார். இசோத்தாவின் பதக்கத்துக்குப் பின்னால் மலதெஸ்தா குலத்தின் யானை நிற்கிறது. இவற்றில் பொறித்த ஆண்டு 1446. அப்போது சிகிஸ்மோந்தோவுக்கு வேறு மனைவி இருந்தார். இசோத்தாவை மணந்தது 1450களின் நடுவில். பொறித்த ஆண்டு வேறு, வார்த்த ஆண்டு வேறு என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தம்பதிப் பதக்கம் என்று பட்டியலில் போட்டிருந்தாலும், அந்த ஆண்டில் அவர்கள் தம்பதியா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. இந்தப் பதக்கங்கள் பலவற்றைச் சிகிஸ்மோந்தோ தன் கட்டடங்களின் சுவருக்குள் வைத்து மூடினார். கட்டடம் இடிந்தாலும் பெயர் கிடைக்க வேண்டுமாம். பின்னாளில் அப்படித்தான் சில கிடைத்தன.

மூன்றாவது வகையில் கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம். 1477 ஜனவரியில் பர்கண்டிக் கோமகன் சார்லஸ் நான்சிப் போரில் இறந்தார். அவருக்கு ஒரே மகள், மேரி. அதே ஆண்டு ஆகஸ்டில் கென்ட் நகரில் ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்சிமிலியனை மேரி மணந்தார். ஜியோவான்னி கான்டிடா செய்த பதக்கம் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒருபுறம் 'பேரரசர் ஃபிரெடரிக்கின் மகன்' மாக்சிமிலியன், மறுபுறம் 'சார்லஸின் மகள்' மேரி, கூடவே பின்னிய இரண்டு எம் எழுத்துகளின் மேல் கிரீடம். இருவருக்கும் சமமாக ஒவ்வொரு பக்கம். காரணம், நிலம் மேரியுடையது. மாக்சிமிலியன் அங்கே வாழவந்த மாப்பிள்ளை. 1482இல் குதிரையிலிருந்து விழுந்து மேரி இறந்த பிறகும் மாக்சிமிலியன் இந்த இரட்டை உருவத்தை விடவில்லை. 1479 என்ற ஆண்டைத் தாங்கி, திரோல் பகுதியின் ஹால் நாணயச்சாலையில் 16ஆம் நூற்றாண்டில் அடித்த பெரிய வெள்ளிக் காசிலும் இதே முகங்கள்தாம்.

இதே அமைப்பின் பெரிய உதாரணம் லியோன் நகரப் பதக்கம், 11 செ.மீ.க்கும் சற்று அதிகம். பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயி ஒருபுறம், அவருடைய அரசி, பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் ஆன் மறுபுறம். மாதிரி செய்தவர்கள் நிக்கோலா லெக்லெர், ழான் த சான்-பிரியே. வார்த்தவர் பொற்கொல்லர் ழான் லெபேர். செலவு அரசருடையதல்ல, நகரத்துடையது. அதனால்தான் இரு முகங்களின் கீழும் லியோனின் சிங்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. லூயியின் பின்புலம் முழுக்கப் பிரெஞ்சு அரசின் அல்லிச் சின்னம். ஆனின் பின்புலம் பாதி அல்லி, பாதி பிரிட்டனியின் சின்னமான எர்மின் (ஒரு சிறு விலங்கின் வெண்மயிர்த் தோல்) புள்ளிகள். ஆன் ஏற்கெனவே எட்டாம் சார்லஸின் அரசியாக இருந்தவர். 1498இல் சார்லஸ் இறந்ததும் அடுத்து வந்த லூயியை மணந்தார். 'ஆன் இரண்டாம் முறை ஆளும்போது' என்று பதக்கமே கூசாமல் சொல்கிறது. பொறித்த ஆண்டு 1499, ஆனால் ஆனுக்குப் பொன்னில் வார்த்த படியை (பிரதியை)க் கொடுத்தது நம் கணக்கில் 1500 மார்ச். பிரான்சில் அப்போது ஈஸ்டரில்தான் புத்தாண்டு பிறந்தது. மார்ச் மாதத்துக்குப் பழைய ஆண்டே ஓடிக்கொண்டிருந்தது. பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

நான்காவது, ஒரே பக்கத்தில் எதிரெதிரே. சவாய்க் கோமகன் இரண்டாம் ஃபிலிபேரும், மேலே சொன்ன மாக்சிமிலியன்-மேரியின் மகளான மார்கரெட்டும் 1502 ஆகஸ்டில் பூர்-ஆன்-பிரெஸ் நகருக்கு வந்தபோது, அவ்வூர்ப் பொற்கொல்லர் ழான் மாரான்ட் 10 செ.மீ. அளவில் ஒன்று செய்தார். பின்னிய வேலிக்கு மேலே இருவரின் மார்பளவு உருவம், ஒருவரையொருவர் பார்த்தபடி. பின்புலம் முழுவதும் சவாயின் முடிச்சும், மார்கரெட்டின் பெயரைச் சொல்லும் டெய்சிப் பூவும் மாறிமாறித் தூவியிருக்கின்றன. பின்பக்கம் இரு குலங்களும் பாதிப்பாதியாகப் பங்கிட்ட கேடயம். அதில் கணவன் குலம் எப்போதும் பார்ப்பவரின் இடப்பாதி. முகங்களிலும் ஃபிலிபேர் இடப்பக்கமே. இங்கே சொல்லும் பதக்கங்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். கலைநயத்தில் பிசனெல்லோவுக்கு ஈடாகாது, பூவும் முடிச்சும் நெருக்கியடிக்கின்றன, ஆனால் ஒரு சிறிய ஊர் தன் முழு மகிழ்ச்சியையும் ஒரு வட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தது தெரிகிறது. இரண்டே ஆண்டில் ஃபிலிபேர் இறந்தார். அதே ஊரின் புரூ பகுதியில் மார்கரெட் எழுப்பிய கோயிலில் இருவரின் கல்லறைகளும் உள்ளன.

ஐந்தாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பக்கவாட்டு முகங்கள். கணவன் முன்னே, மனைவி பின்னே. அவருடைய நெற்றி, மூக்கு, உதடு விளிம்பு மட்டும் எட்டிப்பார்க்கும். பண்டைய அரச நாணயங்களிலிருந்து எடுத்த வடிவம். கியோம் துப்ரே 1603இல் செய்த, பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி, அரசி மரி த மெடிசி பதக்கம் இதில் பேர்போனது. பின்பக்கம் ஹென்றி போர்க்கடவுள் மார்ஸாகவும் மரி அறிவுத் தெய்வம் மினெர்வாவாகவும் கைகோக்கிறார்கள். நடுவில் இரண்டு வயது இளவரசன் லூயி ஒரு டால்ஃபினின் மேல் கால் வைத்து நிற்கிறான். பிரெஞ்சுப் பட்டத்து இளவரசனின் பட்டப்பெயரும் அந்தக் கடல் விலங்கின் பெயரும் ஒன்று. வாரிசு வந்தாயிற்று என்பதே செய்தி. 1810இல் நெப்போலியன், மரி-லூயிஸ் திருமணத்துக்கு ஆந்த்ரியூ செதுக்கிய பதக்கமும் இந்த அடுக்கு முகமே. 19ஆம் நூற்றாண்டின் அரச குடும்பப் பதக்கங்களில் இது கிட்டத்தட்ட வழக்கமாகவே ஆகிவிட்டது.

எழுத்தைப் படிப்பது

லத்தீன் தெரியாவிட்டாலும் பாதிக்குமேல் புரியும். யு எழுத்து வி வடிவில் இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளிக்குப் பதில் புள்ளியோ பூவோ இருக்கும். தனி எஃப் எழுத்து, ஒரு பெயரை அடுத்து வந்தால் 'மகன்' அல்லது 'மகள்'. கலைஞர் பெயரை அடுத்து வந்தால் 'செய்தார்'. டுக்ஸ் என்றால் கோமகன். மேரியைப் போல உரிமையோடு ஆண்ட பெண்ணுக்கும் அதே பட்டம்தான். ஓபுஸ் என்றால் இன்னார் படைப்பு. இடம் போதாதபோது பட்டங்களை இரண்டு மூன்று எழுத்தாக வெட்டிவிடுவார்கள். வெட்டியதை விரிக்கும்போது, அந்த ஆண்டில் அவருக்கு என்னென்ன நிலம் உரிமை என்று பார்த்துவிட்டு விரித்தால் தவறு வராது.

எப்படி வார்த்தார்கள்

15ஆம் நூற்றாண்டின் இத்தாலிய முறையில் முதல் வேலை மெழுகு. ஸ்லேட் கல்லிலோ மரத்திலோ செய்த ஒரு தட்டை வட்டின் மேல் வெளிர்நிற மெழுகால் முகத்தைக் கட்டியெழுப்புவார்கள். வெறும் தேன்மெழுகு குளிரில் நொறுங்கும், சூட்டில் தொய்யும். அதனால் ஈய வெள்ளை, டர்பன்டைன் போன்றவற்றைச் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி மாதிரி. தெற்கு ஜெர்மனியில் பழக்கம் வேறு: 16ஆம் நூற்றாண்டு நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க் கலைஞர்கள் பாக்ஸ் மரத்திலும் சோல்ன்ஹோஃபன் சுண்ணக்கல்லிலும் நேரே செதுக்கினார்கள். மெழுகில் செய்த முகம் மென்மையாக வழியும். மரத்தில் செய்ததில் மயிரிழையும் துணிமடிப்பும் கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். வெண்கலமான பிறகும் இந்த வேறுபாடு மறையாது. ஒரு பதக்கம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதற்கு இது நல்ல துப்பு.

மாதிரியை நுண்மணலிலோ களிமண் கலவையிலோ அழுத்தி இரண்டு அச்சுப்பாதிகள் எடுப்பார்கள். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, விளிம்பில் உலோகம் நுழைய ஒரு வாயும் காற்று வெளியேறச் சிறு வழிகளும் வெட்டி, அச்சை நன்றாக உலர்த்திச் சூடாக்குவார்கள். பிறகு வார்ப்பு. செம்போடு பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் 1000 டிகிரி செல்சியஸ் அளவில் முழுதாக உருகும். ஈயம் கொஞ்சம் சேர்த்தால் நன்றாக ஓடி நுண்ணிய இடங்களை நிரப்பும். துத்தநாகம் கலந்த பித்தளைக் கலவையும் பழைய பதக்கங்களில் சாதாரணம். 'வெண்கலம்' என்பது இத்துறையில் செம்புக் கலவைகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயராகவே நடைமுறையில் உள்ளது.

இங்கேதான் வேலை கெடும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் பட்டதும் நீராவி கிளம்பி முகத்தில் குழிகள் விழும். அச்சோ உலோகமோ சூடு குறைந்திருந்தால் ஓட்டம் பாதியில் உறைந்து எழுத்துகளின் ஓரம் மழுங்கும். முதலில் போவது விளிம்பை ஒட்டிய எழுத்துதான். காற்று வழி போதாவிட்டால் மூக்கு நுனி, கிரீட முனை போன்ற உயர்ந்த இடங்கள் நிரம்பாது. இரு பாதிகளும் சற்றே நழுவினால் முன்பக்கமும் பின்பக்கமும் மையம் விலகி நிற்கும். அடுக்கு முகப் பதக்கத்தில் கூடுதல் தொல்லை: பின்னால் இருக்கும் மனைவியின் முகம் மிகத் தாழ்ந்த புடைப்பில் இருப்பதால், வார்ப்பு சற்று மங்கினாலும் அது பின்புலத்தோடு கரைந்துவிடும். கை பட்டுத் தேய்வதில் கதை தலைகீழ். கணவனின் கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியும் முதலில் தேயும், மனைவி தப்பிப்பார்.

வார்த்தபின் வாயை அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி, மங்கிய கோடுகளைச் சிறு உளியால் மீட்டெடுப்பார்கள். அளவோடு செய்தால்தான் அழகு. அதிகமாக உளி பட்ட கண்ணும் உதடும் கம்பி வளைத்தது போல விறைத்துப்போகும். கடைசியாக எண்ணெய், புகை, மெல்லிய அரக்குப் பூச்சு ஆகியவற்றால் பழுப்போ கருப்போ ஏற்றுவார்கள். சிலவற்றுக்குப் பாதரசக் கலவையால் பொன்முலாம்.

கைக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: குறுக்களவு 103 மி.மீ., சராசரித் தடிமன் 5 மி.மீ. என்று வைத்தால் கனஅளவு 42 கன செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எடை 360 கிராம் வரும். இதே அளவில் 150 கிராம்தான் இருக்கிறது என்றால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

மறுவார்ப்பு என்னும் தலைவலி

புகழ்பெற்ற பதக்கங்களை 500 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வார்த்திருக்கிறார்கள். பிசனெல்லோ, கான்டிடா, லியோன், துப்ரே எதுவும் தப்பவில்லை. எல்லாம் ஏமாற்று வேலையல்ல. மூலம் கிடைக்காத சேகரிப்பாளர் ஒரு படி வார்த்து வைத்துக்கொள்வது அன்று ஒழுங்கான பழக்கம்.

கண்டுபிடிக்க உதவும் முதல் கருவி வெர்னியர் காலிபர். வெண்கலம் உறையும்போதும் ஆறும்போதும் நீளத்தில் 1.5 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும். முடிந்த ஒரு பதக்கத்தையே மாதிரியாக வைத்து மறுபடி வார்த்தால் 103 மி.மீ. 101 மி.மீ. அளவுக்கு இறங்கும். அதிலிருந்து இன்னொன்று என்றால் 99-ஐ நெருங்கும். ஆகவே அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள நல்ல படியின் அளவோடு ஒப்பிட வேண்டும். ஆனால் விளிம்பை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். விளிம்பை ராவிக் குறைத்திருக்கலாம், மறுவார்ப்பில் ஒரு வளையம் சேர்த்து அளவைக் கூட்டியிருக்கலாம். எதிரெதிரே உள்ள இரண்டு எழுத்துகளின் முனைக்கு முனை, அல்லது மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை அளந்தால் அந்தத் தந்திரம் பலிக்காது. இணையப் படங்களிலேயே இந்த விகிதத்தை ஓரளவு கணக்கிடலாம்.

அளவுக்கு அடுத்தது கூர்மை. மறுவார்ப்பில் எழுத்தின் அடிப்பகுதி பின்புலத்தோடு சேரும் மூலை உருண்டிருக்கும், சோப்பு கரைந்தாற்போல் ஒரு வழுவழுப்பு தெரியும். மூலத்திலிருந்த ஒரு கீறலோ தொங்கவிடப் போட்ட துளையோ மறுவார்ப்பில் அடைபட்ட தழும்பாக வந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. துளை மட்டும் இருப்பது குற்றமல்ல. பலர் இவற்றைச் சங்கிலியில் கோத்து அணிந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இன்னொரு வகைப் படி வந்தது: மின்பகுப்பால் செம்பை மெல்லிய ஓடாகப் படியவைத்து, முன் ஓட்டையும் பின் ஓட்டையும் ஒட்டி உள்ளே ஈயம் போன்றதை நிரப்புவது. இதில் சுருக்கம் கிடையாது என்பதால் காலிபர் உதவாது. விளிம்பைச் சுற்றி ஓடும் ஒட்டுக்கோட்டைத் தேட வேண்டும். எடையும் கணக்கோடு ஒத்துவராது. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி இப்படி நேர்மையான படிகள் செய்து விளிம்பில் தன் பெயரெழுத்தைப் பதித்தார். அந்த எழுத்தைப் பிறர் ராவி அழித்துவிட்டு விற்பதுதான் சிக்கல்.

வார்த்தவற்றின் கதை இது. அச்சுக்கட்டையால் அடித்த பதக்கங்களைப் பிரித்தறிவது எளிது: பின்புலம் கண்ணாடிபோல் சமமாக இருக்கும், எழுத்துகள் கூர்மையாகவும் ஒரே சீராகவும் நிற்கும், விளிம்பு செங்குத்து. 19ஆம் நூற்றாண்டில் 7 செ.மீ.க்கு மேற்பட்ட உயர்புடைப்புப் பதக்கத்தை ஒரே அடியில் முடிக்க முடியாது. அடித்ததும் உலோகம் இறுகிவிடும். சூடாக்கி இளக்கி, மறுபடி அதே அச்சில் சரியாகப் பொருத்தி அடிக்க வேண்டும். பொருத்தம் பிசகினால் மூக்குக்கு அருகில் நிழல் போல இரண்டாம் கோடு விழும்.

பிரெஞ்சுப் பதக்கம் என்றால் விளிம்பை முதலில் பாருங்கள். பாரிஸ் நாணயச்சாலை 1832 முதல் விளிம்பில் ஒரு சிறு குறியைப் பதிக்கிறது: 1841 வரை பழங்கால விளக்கு, 1842 வரை நங்கூரம், 1845 வரை கப்பல் முகப்பு, 1860 வரை சுட்டும் கை, 1879 வரை தேனீ, 1880இலிருந்து வளக்கொம்பு. கூடவே செம்பா வெண்கலமா என்ற சொல்லும் இருக்கும். 1810 என்று பொறித்த நெப்போலியன் திருமணப் பதக்கத்தின் விளிம்பில் தேனீ இருந்தால், அது அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ பழைய அச்சில் மறுபடி அடித்தது. தேனீ நெப்போலியனின் சின்னம் என்பதால் அதை 1810க்கான சான்றாகவே சொல்லி விற்பவர்களும் உண்டு.

வைத்திருப்பது

வெண்கலப் பதக்கத்தைப் பளபளக்க வைக்காதீர்கள். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. பாத்திரத்துக்குச் சரியான வைத்தியம் இங்கே பாட்டினா என்னும் மேற்பூச்சை உரித்துவிடும். மதிப்பும் அதோடு போகும். நல்ல மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். விரல் வியர்வையில் உப்பு இருப்பதால் பருத்தி அல்லது நைட்ரைல் கையுறையோடு, விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

வெளிர்பச்சையில் மாவு போலப் புள்ளி கிளம்பி, தட்டினால் உதிர்ந்து, துடைத்தாலும் திரும்ப வந்தால் அது சாதாரணக் களிம்பல்ல. குளோரைடு உலோகத்துக்குள் வேலை செய்கிறது. அந்தப் பதக்கத்தை மற்றவற்றிடமிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுவதே வழி. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல்லை மாதாமாதம் பார்த்து உலர்த்திப் போட வேண்டியிருக்கும். நாணயச் சேகரிப்பாளர்களின் மெல்லிய பிவிசி உறைகளையும் தவிர்க்கவும். அவற்றின் மென்மையூட்டி கசிந்து பச்சைப் பிசினாகப் படியும். அமிலமற்ற காகித உறையும் துளையிட்ட மர அல்லது அட்டைத் தட்டும் நன்று. புதிய ஓக் மரப்பெட்டி மட்டும் வேண்டாம், அதன் அமில ஆவி ஈயம் கலந்த உலோகத்தைத் தின்னும்.

வாங்கிப் பழக விரும்புபவர்களுக்கு 15ஆம் நூற்றாண்டு வார்ப்புகள் ஏற்ற இடமல்ல. 19ஆம் நூற்றாண்டின் அடித்த வெண்கலத் தம்பதிப் பதக்கங்களிலிருந்து தொடங்கலாம். வாங்கும் முன் விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: மி.மீ. அளவில் குறுக்களவு, கிராமில் எடை, இரு பக்கமும் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம், விளிம்பை முழுச்சுற்றும் காட்டும் படம். முதல் மூன்றையும் அனுப்பிவிட்டு நான்காவதுக்கு மட்டும் சாக்குச் சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.